ஊமைப் பெட்டிகளைப் பேசவைப்பது: பழைய ராணுவச் சோதனைக் கருவிகள், ஓர் அறிமுகம்

ராணுவ அருங்காட்சியகத்தில் டாங்கியைப் பார்த்தவுடன் அது எதற்கென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பழைய ரேடியோவும் அப்படித்தான். ஆனால் அதே கூடத்தின் ஓர் அலமாரியில், கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும், நாலைந்து குமிழ்கள், ஒரு பெரிய டயல், எண் பொறித்த தகடு என்று சில பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். 'அதிர்வெண் அளவி', 'வால்வு சோதிப்பான்', 'சிக்னல் ஜெனரேட்டர்' என்று அட்டை எழுதி வைத்திருப்பார்கள். அட்டையைப் படித்தவர்கள்கூட நிற்பதில்லை.

காரணம் எளிது. இவை தாமாக எதையும் செய்யாத கருவிகள். சுடாது, பேசாது, பறக்காது. இன்னொரு கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்வது மட்டும்தான் இவற்றின் வேலை. ஆகவே பார்வையாளர் முன்னால் இப்படி ஒரு பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு சிறு விளக்கு எரியும், அவ்வளவுதான். அளப்பதற்கு எதையாவது கொடுத்து, 'இது எவ்வளவு?' என்ற கேள்வியை முதலில் பார்வையாளர் மனதில் எழுப்பிவிட்டால்தான் அங்கே ஏதோ நடக்கிறது என்று தெரியும். இந்தக் கருவிகளை இயக்கிக் காட்டுபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எல்லாக் கருவிகளையும் இங்கே பார்க்க இடமில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தின் ஒரு கருவியை விரிவாகவும், அதன் கூட்டாளி ஒன்றைக் கொஞ்சமாகவும் பார்ப்போம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வால் என்ற ஊரில், கேம்ப் எவன்ஸ் என்ற பழைய ராணுவ வளாகம் இருக்கிறது. முதலில் மார்க்கோனி நிறுவனத்தின் வானொலி நிலையமாக இருந்த இடம். 1941இல் ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவு அதை வாங்கி ரேடார், ரேடியோ ஆய்வுக்குப் பயன்படுத்தியது. இன்று அங்கே இன்ஃபோஏஜ் என்ற பெயரில் அறிவியல், வரலாற்று அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. 1946 ஜனவரி 10 அன்று ஜான் டிவிட் தலைமையிலான குழு இங்கிருந்துதான் நிலவை நோக்கி ரேடார் அலையை அனுப்பி, சுமார் இரண்டரை விநாடி கழித்துத் திரும்பி வந்த எதிரொலியைப் பிடித்தது. டயானா திட்டம் என்று பெயர். இதில் எல்லோரும் பேசுவது பெரிய ஆன்டெனாவைப் பற்றி. ஆனால் நிலவும் பூமியும் ஒன்றுக்கொன்று நகர்ந்துகொண்டே இருப்பதால், 111.5 மெகாஹெர்ட்ஸில் போன அலை டாப்ளர் விளைவால் சற்றே நகர்ந்த அதிர்வெண்ணில்தான் திரும்பும். அந்தச் சிறு நகர்வையும் கணக்கில் எடுத்து ரிசீவரை டியூன் செய்யாமல் எதிரொலி கேட்டிருக்காது. ஆன்டெனா எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதிர்வெண்ணைத் துல்லியமாக அறியாமல் ஒன்றும் நடந்திருக்காது.

போர்க்களத்தில் இருந்த சாதாரண ரேடியோக்காரருக்கும் இதே தலைவலிதான், இன்னும் எளிய வடிவத்தில். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் இருந்த பிசி-375 டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிர்வெண்ணை முடிவு செய்தது ஒரு சுருளும் ஒரு மாறு கெப்பாசிட்டரும். குமிழைத் திருப்பினால் அதிர்வெண் மாறும். சூடானாலும் மாறும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் மாறும். டயலில் போட்டிருக்கும் எண்ணை நம்பி எதிர்முனையில் உள்ளவர் காத்திருந்தால், இவர் வேறெங்கோ பேசிக்கொண்டிருப்பார். 'இப்போது நான் சரியாக எங்கே இருக்கிறேன்?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கருவி தேவைப்பட்டது. அதுதான் பிசி-221 அதிர்வெண் அளவி. துணைப் பொருள்களோடு சேர்த்து எஸ்சிஆர்-211 என்று அழைத்தார்கள். பென்டிக்ஸ், பில்கோ, ஜெனித் எனப் பல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் தயாரித்தன. கடற்படையிடம் எல்எம் என்ற பெயரில் இதன் உறவுக்காரக் கருவி இருந்தது.

இன்றைக்கு அதிர்வெண் அளவி என்றால் எண்கள் ஒளிரும் ஒரு திரைதான் நினைவுக்கு வரும். அலை விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணிச் சொல்லிவிடும். 1940களில் அப்படி எண்ணும் வேகமான மின்னணுச் சுற்று களத்தில் எடுத்துச் செல்லும் அளவுக்கு இல்லை. பிசி-221 எண்ணுவதில்லை, ஒப்பிடுகிறது. ஒப்பிடுவதும் கருவி இல்லை, கேட்பவரின் காது.

எப்படி என்று பார்ப்போம். தம்புராவில் நடுவில் உள்ள சாரணி, அனுசாரணி ஆகிய இரண்டு தந்திகளுக்கும் ஒரே சுருதி சேர்க்கும்போது, இரண்டும் கிட்டத்தட்ட ஒத்து வரும் நேரத்தில் 'வாங்... வாங்...' என்று ஒலி அலைபாயும். வித்தியாசம் குறையக் குறைய அந்த அலைபாய்ச்சல் மெதுவாகி, முழுக்கச் சேர்ந்தவுடன் நின்றுவிடும். பிசி-221 இதையே காதுக்குக் கேட்காத ரேடியோ அலைகளில் செய்கிறது. கருவிக்குள் ஓர் அலையியற்றி இருக்கிறது. வெளியே இருந்து வரும் அலை 3,500 கிலோஹெர்ட்ஸ், உள்ளே உருவாகும் அலை 3,499 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இரண்டும் காதுக்கு எட்டாதவை. இரண்டையும் ஒரு வால்வில் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து வெற்றிடக் குழாய்) கலந்தால் அவற்றின் வித்தியாசமான 1 கிலோஹெர்ட்ஸ் தனியாகப் பிறக்கும். அது ஹெட்போனில் நல்ல விசில் சத்தமாகக் கேட்கும். டயலைத் திருப்பி உள் அலையை வெளி அலைக்கு அருகே கொண்டுபோகப் போக விசில் இறங்கி, உறுமலாகி, ஒரு புள்ளியில் அமைதியாகிவிடும். அதைத் தாண்டித் திருப்பினால் மறுபடி உறுமல், மறுபடி விசில். நடுவில் இருக்கும் அந்த அமைதிதான் விடை. ரேடியோக்காரர்கள் அதை ஜீரோ பீட் என்பார்கள்.

காதை நம்பி அளப்பதா என்று சந்தேகம் வரும். சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதுக்குக் கேட்காது. ஆகவே அமைதிப் பகுதி என்பது அந்தப் பக்கம் 20, இந்தப் பக்கம் 20. முப்பத்தைந்து லட்சத்தில் 20 என்பது ஒன்றுமே இல்லை. கருவியில் பிழை வந்தால் அது பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

சரி, உள் அலையும் வெளி அலையும் ஒத்துவிட்டன. உள் அலையின் அதிர்வெண் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? டயலில் அதிர்வெண் எழுதியிருக்காது. வெறும் எண்கள்தான். இங்கேதான் எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த விஷயம் வருகிறது: புத்தகம்.

ஒவ்வொரு பிசி-221க்கும் ஒரு அளவீட்டுப் புத்தகம் உண்டு. கருவியின் மூடிக்குள்ளேயே இருக்கும். கருவியின் வரிசை எண் எதுவோ அதே எண் புத்தகத்திலும் இருக்கும். காரணம், ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு பெட்டிகள்கூட ஒன்றுபோல் இருக்காது. சுருளில் ஒரு சுற்று சற்று இறுகியிருக்கும், கெப்பாசிட்டரின் தகடு மயிரிழை வளைந்திருக்கும். எனவே ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே அளந்து, எந்த அதிர்வெண்ணுக்கு டயலில் எந்த எண் என்று அதற்கென்றே ஒரு பட்டியல் அச்சிட்டார்கள். வேறொரு பெட்டியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அளந்தால் விடை தப்பாகத்தான் வரும். புத்தகம் தொலைந்த பிசி-221 பாதிக் கருவிதான். சில சேகரிப்புகளில் புத்தகத்தை 'ஆவணம்' என்று நூலகப் பிரிவுக்கும், பெட்டியைப் 'பொருள்' என்று கிடங்குக்கும் பிரித்து அனுப்பிவிடும் அபாயம் உண்டு. நல்ல நோக்கத்தோடு செய்யும் காரியம்தான், ஆனால் கருவியின் அளக்கும் திறனே அதோடு போய்விடும்.

டயலைப் படிப்பதும் ஒரு தனி சுகம். சிறு சாளரம் ஒன்றில் தெரியும் உருளையில் 0 முதல் 50 வரை நூறுகள். வட்ட டயலில் 100 பிரிவுகள். அதன் விளிம்பில் பத்தில் ஒரு பங்கைப் படிக்க வெர்னியர். உருளையில் 23, டயலில் 47, வெர்னியரில் 6 என்றால் 2347.6. உயர் அலைவரிசையான 2,000 முதல் 4,000 கிலோஹெர்ட்ஸ் வரை இந்தச் சுமார் 5,000 பிரிவுகளில் பரவியிருக்கிறது. அதாவது சராசரியாக ஒரு பிரிவுக்கு 400 ஹெர்ட்ஸ். இவ்வளவு நுணுக்கமாகக் குமிழைத் திருப்ப முடிகிறது என்பதைப் பார்வையாளரின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால்தான் புரியும். சொல்லிப் புரியவைக்க முடியாது. பல்சக்கரங்களில் தளர்வே இருக்காது.

தாழ் அலைவரிசை 125 முதல் 250 கிலோஹெர்ட்ஸ் வரை. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 125 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை எப்படி அளக்கிறது? உள் அலையின் மடங்குகளைக் கொண்டு. 4 மெகாஹெர்ட்ஸ் அலையோடு 8, 12, 16, 20 மெகாஹெர்ட்ஸிலும் மெலிதான பிரதிகள் பிறக்கும், அவற்றோடும் ஒப்பிடலாம். இதில் ஒரு சிக்கல்: வெளி அலை தோராயமாக எங்கே இருக்கிறது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாமல் வந்தால், எந்த மடங்கோடு ஒத்தது என்று கருவி சொல்லாது.

புத்தகம் அச்சாகி எண்பது ஆண்டு ஆகிவிட்டது. கருவி மாறியிருக்காதா என்று கேட்பீர்கள். மாறும். எண்பது ஆண்டு வேண்டாம், காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலுக்கு வந்தாலே மாறும். அதற்காகத்தான் உள்ளே 1,000 கிலோஹெர்ட்ஸில் அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். படிகம் லேசில் நகராது. புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 'படிகச் சரிபார்ப்புப் புள்ளி' என்று ஒரு எண் இருக்கும். அளக்கப் போகும் பக்கத்தைத் திறந்து, டயலை அந்த எண்ணில் நிறுத்தி, படிகத்தை இயக்கினால் அமைதி கேட்க வேண்டும். விசில் கேட்டால் கருவி நகர்ந்திருக்கிறது என்று பொருள். 'கரெக்டர்' என்ற சிறு குமிழைத் திருப்பி விசிலை அடக்கிவிட்டால் அந்தப் பக்கத்து எண்களை நம்பலாம். அப்புறம்தான் உண்மையான அளவீடு.

இப்போது காட்சியை அமைப்பது எளிது. மேசையின் ஒரு மூலையில் ஒரு சிக்னல் ஜெனரேட்டர், அதாவது வேண்டிய அதிர்வெண்ணில் அலையை உருவாக்கித் தரும் கருவி. ராணுவத்தினுடையதே வேண்டுமென்றால் 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை தரும் ஏஎன்/யூஆர்எம்-25 பொருத்தமானது. அதை 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எங்கோ ஓரிடத்தில் வைத்து, டயலை ஒரு அட்டையால் மறைத்துவிட வேண்டும். பிசி-221இன் ஆன்டெனா முனையில் ஒரு முழம் கம்பி போதும். அந்தக் காலத்தில் ஹெட்போனில் ஒருவர் மட்டும்தான் கேட்டார். இங்கே அந்த இணைப்பிலிருந்து ஒரு சிறு ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோனால் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும். இதைச் செய்யாத காட்சி வீண் என்றே சொல்வேன். சத்தம்தான் இந்தக் கருவியின் முகம். உள்ளே இருக்கும் 6எஸ்ஜே7, 6கே8 வால்வுகள் உலோக உறை போட்டவை, பெட்டியைத் திறந்தாலும் சிவப்பாக ஒளிர்வதைப் பார்க்க முடியாது.

கருவி சூடாகி நிலைப்படும் நேரத்தில் புத்தகத்தின் கதையைச் சொல்லலாம். பின் படிகச் சரிபார்ப்பு. பின் பார்வையாளர் ஒருவரைக் கூப்பிட்டு டயலைத் திருப்பச் சொல்லுங்கள். விசில் இறங்கும்போது எல்லோருடைய கழுத்தும் முன்னால் நீளும். அமைதி வந்ததும் எண்ணைப் படிக்கச் சொல்லி, இன்னொருவர் புத்தகத்தில் தேடட்டும். எண் பெரும்பாலும் இரண்டு வரிகளுக்கு நடுவில் விழும். நடுவில் எங்கே என்று பள்ளிக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் 'கிலோசைக்கிள்' என்று இருக்கும். ஹெர்ட்ஸ் என்ற அலகு பரவலாக வருவதற்கு முந்தைய காலம் அது. விடை கிடைத்ததும் அட்டையை எடுத்து ஜெனரேட்டரின் டயலைக் காட்டலாம். அது ஒத்துவராமலும் போகலாம். அப்போது எதை நம்புவது என்று கூட்டத்திடமே கேளுங்கள். படிகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த கருவிதான் பெரும்பாலும் சரி.

இரண்டாவது கருவி, வால்வு சோதிப்பான். போர்க்காலத்தில் ஐ-177, 1950களில் டிவி-7. இரண்டும் ஹிகாக் நிறுவனத்தின் சுற்றமைப்பைச் சார்ந்தவை. டிவி என்பது தொலைக்காட்சி இல்லை, வால்வு சோதனைக் கருவிகளுக்கு ராணுவம் வைத்த அடையாள எழுத்து. இதே போல ஏஎன்/யூஆர்எம் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: 1943இல் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து கொண்டுவந்த பெயரிடும் முறையில் யூ என்றால் பொதுப் பயன்பாடு, ஆர் என்றால் ரேடியோ, எம் என்றால் பராமரிப்பும் சோதனையும். கடைசி எழுத்து எம் என்றிருக்கும் எந்தப் பெட்டியும் இன்னொன்றைச் சோதிக்கப் பிறந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து அலமாரி முழுக்கத் தேடவிட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

வால்வு சோதிப்பானில் இரண்டு விஷயம் காட்டினால் போதும். ஒன்று, உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றனவா என்ற சோதனை. தொட்டால் ஒரு சிறு நியான் விளக்கு எரியும். வால்வை விரலால் மெல்லத் தட்டும்போது விளக்கு கண் சிமிட்டினால், ஓடும் விமானத்தின் அதிர்வில் மட்டும் பழுதாகும் வால்வு அது. தரையில் சோதித்தால் ஒழுங்காக இருக்கும், மேலே போனதும் மக்கர் பண்ணும் ரகம். அப்படிப்பட்ட வால்வு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், காட்சிக்குத் தங்கம். இரண்டாவது, வால்வு எவ்வளவு நன்றாகப் பெருக்குகிறது என்பது. வால்வின் உள்ளீட்டு உறுப்பான கிரிட்டில் சின்ன மாறு மின்னழுத்தம் கொடுத்து, வெளியீட்டு உறுப்பான பிளேட்டின் மின்னோட்டம் அதற்கேற்ப எவ்வளவு மாறுகிறது என்று முள் காட்டும். இந்த வால்வுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று கருவியோடு வரும் அட்டவணையில் இருக்கும். பிசி-221இலிருந்தே ஒரு 6எஸ்ஜே7ஐ எடுத்துச் சோதித்துக் காட்டினால், முதல் காட்சிக்கும் இரண்டாவதற்கும் இயல்பாக ஒரு தொடர்பு வந்துவிடும்.

சுவிட்சைப் போடுவதற்கு முன்

எதை இயக்கலாம், எதை இயக்கக்கூடாது என்பது முதல் கேள்வி. உலகில் ஒன்றோ இரண்டோ மிஞ்சிய கருவியை இயக்கவே கூடாது என்பது என் கட்சி. அதற்குப் புகைப்படமும் விளக்கமும் போதும். பிசி-221 போல ஏராளமாகச் செய்த கருவி என்றால், சேகரிப்பில் இருக்கும் இரண்டு மூன்றில் ஒன்றை இயக்குவதற்கென ஒதுக்கலாம். அதில் என்ன மாற்றினாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும், என்ன செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும், கழற்றிய பாகத்தைச் சீட்டு கட்டிப் பத்திரப்படுத்த வேண்டும்.

பிசி-221 மின்கலத்தில் ஓடியது. வால்வுகளைச் சூடாக்க 6 வோல்ட், பிளேட்டுக்கு 135 வோல்ட். அந்த மின்கலங்கள் இன்று கிடையாது. மின்கல அறைக்குள்ளேயே அடங்கும் ஒரு மின்வழங்கியைச் செய்து வைத்தால் கருவிக்குள் ஒரு இடத்தில்கூடப் பற்றவைப்பு தேவையில்லை. எடுத்தால் கருவி பழையபடி. ஆனால் 135 வோல்ட் நேர்மின்சாரம் விளையாட்டு இல்லை. முனைகள் வெளியே தெரியக்கூடாது, ஃபியூஸ் இருக்க வேண்டும், பார்வையாளர் தொடும் இடமெல்லாம் புவியிணைப்பு பெற்றிருக்க வேண்டும்.

நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவிகளில் வேறு தொல்லை. அமெரிக்கக் கருவிகள் 115 வோல்ட்டுக்குச் செய்தவை. 230 வோல்ட் நாட்டில் மின்மாற்றி இல்லாமல் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. பல ஆண்டு சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும். முழு மின்னழுத்தம் திடீரென வந்தால் சூடாகி வெடிக்கும். அதனால் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இதற்கு வேரியாக் (மின்னழுத்தத்தைக் குமிழால் ஏற்றி இறக்கும் மாறு மின்மாற்றி) போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் ஒரு வால்வாக இருக்கும் கருவியில் போதாது. இழை சூடேறும் வரை அந்த வால்வு மின்சாரத்தையே விடாது. சூடேறும்போது மின்னழுத்தம் ஏற்கெனவே பாதிக்கு வந்திருக்கும். கெப்பாசிட்டரைத் தனியே கழற்றி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி ஏற்றுவதே பாதுகாப்பு. மெழுகுத் தாள் கெப்பாசிட்டர்களை ஏற்றியும் பயனில்லை, பெரும்பாலும் கசியும். பழைய உறைக்குள் புதியதை வைத்து மூடுகிறவர்கள் உண்டு. குறிப்பு எழுதி வைத்தால் அதில் தவறில்லை.

இருட்டில் படிப்பதற்காகச் சில மீட்டர்களின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிராது. அதனால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். தேய்ந்தது ஒளிதரும் துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காமல், துகள் வெளியே வராமல் வைத்திருக்க வேண்டும். கதிர்வீச்சு மானியால் சேகரிப்பு முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டிவி-7இன் உள்ளே 83 என்ற பாதரச ஆவி வால்வு இருக்கிறது, உடைந்தால் கையால் அள்ளக்கூடாது. சில பெட்டிகளில் எம்எஃப்பி என்ற முத்திரையும் ஒரு தேதியும் இருக்கும். பசிபிக் தீவுகளின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உள்ளே தெளித்த வார்னிஷின் அடையாளம் அது. அந்த மஞ்சள் பூச்சைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி எப்படியும் வரும்: இதை இப்போது ஒரு சின்ன கருவி நொடியில் சொல்லிவிடாதா? சொல்லிவிடும். விலை குறைந்த ஒரு டிஜிட்டல் அதிர்வெண் எண்ணியை மேசைக்கடியில் தயாராக வைத்திருந்து, அந்தக் கேள்வி வந்த பிறகு எடுத்து வைக்கலாம். முன்னாலேயே வைத்தால் விசிலை யாரும் கவனிக்க மாட்டார்கள். எண்ணி காட்டும் எண்ணும் புத்தகத்தில் பார்த்த எண்ணும் கொஞ்சம் வேறுபடும். எங்கே பிழை? காதாக இருக்க முடியாது. டயலைப் படித்ததிலா, இரண்டு வரிகளுக்கு நடுவே போட்ட கணக்கிலா, கரெக்டரைத் திருப்பியதிலா, அல்லது படிகமே நகர்ந்துவிட்டதா? கடைசிச் சந்தேகத்தைத் தீர்க்க வழி உண்டு. கொலராடோவிலிருந்து டபிள்யூடபிள்யூவி என்ற நிலையம் 5 மெகாஹெர்ட்ஸில் துல்லியமான அலையை ஒலிபரப்புகிறது. ஒரு ரிசீவரை அதில் வைத்து, பிசி-221இன் படிகத்தை இயக்கினால், 1 மெகாஹெர்ட்ஸின் ஐந்தாவது மடங்கு அதே இடத்தில் வந்து விழும். இரண்டுக்கும் இடையே விசில் கேட்கிறதா, உறுமல் கேட்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லையா என்று பார்வையாளர்களையே கேட்டுச் சொல்ல விடுங்கள்.